நாற்காலி இல்லாத கடை

என் மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது எங்கள் வீட்டில் ஓர் உத்தியோகம். சம்பளம் மட்டும் கிடையாது. முதலில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். "ம்" என்பாள். அந்த "ம்"மை நம்பி அடுப்படிக்குப் போனால் போச்சு. அடுத்து மின்விசிறியை நிறுத்த வேண்டும். பிறகு போர்வையை உருவ வேண்டும். போர்வையை உருவினால் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். தலையணையையும் பிடுங்கினால் தன் கையையே மடித்துத் தலைக்குக் கொடுத்து, முன்னைவிட நன்றாகத் தூங்குவாள். அலாரம் வைத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டில் எழுந்துகொண்டார்கள். அந்த வீட்டம்மா ஒரு நாள் வந்து, "உங்க புண்ணியத்துல எங்க பசங்க நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நன்றியா குத்தலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மகாராணி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். செல்லமாக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், வயிற்றெரிச்சலில் வைத்தது.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்றால், மதியம்வரை படுக்கை விரிப்புகளாக வந்துகொண்டே இருக்கும். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள். வீட்டுக்கு வந்தால் சமையல், அதன் பிறகு ஒரு தையல்காரருக்காகத் திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்கு ஏது விடுமுறை? ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் உண்டு, நானும் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று அவர் தலைக்கு மேலே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

மகாராணிக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். வருஷம் பிறந்த கொஞ்ச நாளிலேயே, பகுதி நேர வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். பள்ளி முடிந்து மேலே படிக்கும்போது ஒரு பழைய லேப்டாப்பாவது வேண்டுமாம், அதைத் தன் காசிலேயே வாங்க வேண்டுமாம். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொண்டால் அம்மாவாக இருந்து என்ன பிரயோஜனம்? முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு மூன்று கண்டிஷன் போட்டேன்.

"சனி, ஞாயிறு மட்டும்தான் போகணும். மார்க்கு குறையக் கூடாது. சம்பளத்துல பாதி உன் பேர்ல பேங்க்ல போடணும், மீதிய நீ என்ன வேணா பண்ணு. வீட்டுச் செலவுக்குன்னு ஒரு பைசா நீட்டக் கூடாது. அதுக்கு நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

"இது நாலு கண்டிஷன்மா."

"எதிர்த்துப் பேசாதே. அது அஞ்சாவது."

எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். என் மகள் ஒரு விஷயத்துக்கு உடனே தலையாட்டினால் அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கடைத்தெரு சிக்னல் பக்கத்தில் இருக்கும் மெத்தைக் கடையில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்றேன். விற்பனைப் பிரிவு என்றாள். முதல் இரண்டு வாரம் உடம்பெல்லாம் தூசியோடு வந்து, சாப்பிடக்கூட முடியாமல் சுருண்டு படுத்தாள். பாவமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாம் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவள், கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவள்போல் பளிச்சென்று வருவாள். பாட்டு முணுமுணுப்பாள். சொல்லாமலே புத்தகத்தை எடுத்து உட்காருவாள். கணக்கில் எப்போதும் தட்டுத் தடுமாறுகிறவள் அந்த மாதம் வகுப்பில் நாலாவதாக வந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சலவைக்கூடத்தில் போய் உழைப்பின் பெருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். "வேலைக்கு அனுப்பிப் பாருங்கடி, பிள்ளைங்க எப்படி மாறுதுங்கன்னு. உழைச்சாத்தான் உடம்புல தெம்பு வரும், மூளை வேலை செய்யும்" என்று இஸ்திரி இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிக் கத்தினேன். என் பேச்சைக் கேட்டு ஒருத்தி தன் மகனை மீன் கடையில் சேர்த்துவிட்டாள். அவன் எப்படி மாறினான் என்று நான் கேட்கவில்லை, அவளும் அதற்குப் பிறகு என் பக்கத்தில் நிற்பதில்லை.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மதியம் திரைச்சீலையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது என் நாத்தனார் போன் செய்தாள். நல்ல செய்தி என்றால் அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள். போன் செய்கிறாள் என்றால் விஷயம் வேறு.

"அண்ணி, பதறாதீங்க."

பதறாதீங்க என்று ஆரம்பித்தால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்?

"உங்க பொண்ணு கடைத்தெருவுல படுத்திருக்கா."

"ஐயோ! என்னடி சொல்றே? மயக்கமா? அடி கிடி பட்டுடுச்சா?"

"சேச்சே, நல்லா கழுத்து வரைக்கும் போர்த்திக்கிட்டுத்தான் படுத்திருக்கா. மெத்தைக் கடை இருக்குல்ல, அதோட கண்ணாடி ஜன்னலுக்குள்ள. வெளியில ஒரே கூட்டம். நான்கூட ஒரு போட்டோ எடுத்தேன். அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் அனுப்பிவிட்டாள். பெரிய கண்ணாடி, உள்ளே கட்டில், கட்டில்மேல் வெள்ளை மெத்தை, மெத்தைமேல் நீலப் போர்வை, போர்வைக்கு வெளியே ஒரு தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வாயைப் பதினேழு வருஷமாகத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கா அடையாளம் தெரியாது!

அன்று அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. நிற்க வைத்தே கேட்டேன். கொஞ்சம் முழித்துவிட்டு உண்மையைக் கக்கினாள். மெத்தைகளைத் துடைப்பதற்கும் மேல் உறைகளைப் பிரித்துப் போடுவதற்கும்தான் அவளைச் சேர்த்தார்களாம். ஒரு நாள் சாப்பிட்ட பிறகு, ஜன்னலில் இருக்கும் மெத்தையைத் துடைக்கப் போனவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கடை முதலாளி திட்டுவதற்காக ஓடி வந்திருக்கிறார். அதற்குள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவி உள்ளே வந்து, அந்தப் பெண் படுத்திருக்கிற அதே மெத்தைதான் வேண்டும் என்று வாங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் முதலாளியே தலையணையை உதறிப் போட்டு, "வாம்மா, படு" என்று சொல்லிவிட்டார்.

"தூங்குறதுக்காடி சம்பளம்?"

"சும்மா ஒண்ணும் தூங்கலைம்மா. காலைல கடை திறந்ததுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தூங்கணும். நடுவுல சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கணும். அது ஒண்ணுதான் கொஞ்சம் கஷ்டம்."

"விற்பனைப் பிரிவுன்னு சொன்னியே!"

"ஆமா. நான் தூங்கினா விக்குது."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இவருக்குப் புரையேறியது. சாதாரணப் புரை இல்லை, சிரிப்பை அடக்கும்போது ஏறுகிற புரை. எனக்குச் சந்தேகம் வந்தது.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

தண்ணீர் குடித்தார், துடைத்துக்கொண்டார், பிறகு மெதுவாகச் சொன்னார். "சிக்னல்ல வண்டி நிக்கும்போது பாப்பேன். நல்லாத்தான் தூங்குறா. அந்த இடத்துல நான் ஹாரன் அடிக்கிறதில்ல."

இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியதற்கு யாராவது எனக்குப் பதக்கம் தர வேண்டும்.

அதோடு போயிருந்தால் நானும் ஒரு வாரம் கத்திவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். எப்படியும் சிரித்துத் தொலைத்திருப்பேன். ஆனால் அவள் அடுத்து ஒன்று சொன்னாள். முதலாளி இன்னொரு கடை திறக்கிறாராம். இரண்டு கடை ஜன்னலிலும் மாற்றி மாற்றித் தூங்க, முழு நேரமாக அவளைக் கூப்பிடுகிறாராம். அடுத்த சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தையும் சொன்னாள். இத்தனை வருஷம் நின்று நின்று நான் வாங்குவதைவிட அது கொஞ்சம் அதிகம்.

"அப்ப பள்ளிக்கூடம்?"

"விடலைம்மா. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கிறேன். பரீட்சைய அடுத்த வருஷம் தனியா எழுதிக்கலாம். படிச்சு முடிச்சு இந்தச் சம்பளம் வாங்க எத்தனை வருஷம் ஆகும், நீயே சொல்லு."

வீட்டில் வாய்ச் சண்டை என்று வந்தால் நான் இதுவரை தோற்றதில்லை. அன்றுதான் முதல் தோல்வி. பயமாக இருந்தது. அவள் வயதில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சலவைக்கூடத்துக்குப் போனேன். அப்போது அந்தச் சம்பளமும் பெரிதாகத்தான் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நாள் எனக்கு இன்னும் முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க நானும் அவளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அவளிடம் பேசிப் பயனில்லை, முதலாளியிடமே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். சின்னப் பெண்ணுக்கு ஆசை காட்டுகிற மனுஷனை நாலு கேள்வி கேட்காமல் விடுவதா? நாலு கேள்வி மறந்துபோகும் என்பதால் மூன்று விஷயங்களாக்கிக்கொண்டேன். இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்று அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முதல் விஷயம், இரண்டாவது விஷயம், மூன்றாவது விஷயம். மூன்றாவதுதான் பிரமாதமாக இருந்தது. அதைக் கேட்டால் அந்த மனுஷன் கடையையே மூடிவிடுவார் என்று தோன்றியது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைத்தெருவுக்குப் பஸ் ஏறினேன். ஜன்னல் முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கண்ணாடிக்குள் மகாராணி ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டியது. அதன் அம்மா, "தட்டாதே, அக்கா முழிச்சுடுவாங்க" என்றாள். அந்த அக்காவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்! நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முதலாளியான மெத்தைக்காரர் ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். உள்ளே எல்லாரும் ரகசியக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஜன்னலில் தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாதாம். சண்டை போட வந்த எனக்கு இது பெரிய இடைஞ்சலாகிவிட்டது. கிசுகிசுப்பாக எப்படிச் சண்டை போடுவது?

"நான் அவளோட அம்மா" என்று கிசுகிசுத்தேன்.

"அப்படியா, வாங்கம்மா, வாங்க. உக்காருங்க" என்று அவரும் கிசுகிசுத்தார்.

சுற்றிப் பார்த்தேன். எங்கே உட்காருவது? கடை முழுக்க மெத்தைகள்தான்.

"நாற்காலி இல்லையா?"

"நம்ம கடையில நாற்காலி வைக்கிறதில்லைம்மா. நாற்காலியில உக்காந்தவங்க விலையக் கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. மெத்தையில உக்காந்தவங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வருவாங்க. அதனால நானும் உக்கார்றதில்ல."

"பரவாயில்ல, நான் நிக்கிறேன்" என்றேன். விடிவதற்கு முன்னாலிருந்து நின்றுகொண்டிருந்த என் கால்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரி, ஓரமாக, நுனியில் மட்டும் என்று பக்கத்திலிருந்த மெத்தையில் உட்கார்ந்தேன்.

"ஐயா, நான் மூணு விஷயம் சொல்ல வந்தேன். குறுக்கப் பேசாமக் கேளுங்க. முதல் விஷயம், நானும் இந்த வயசுல கொஞ்ச நாளைக்குன்னு சொல்லித்தான் சலவைக்குப் போனேன். இப்ப எனக்கு நாப்பத்தி மூணு வயசு. அந்த ஒரு பரீட்சைய எழுதாததுனால, எனக்கு அப்புறம் வந்த பிள்ளைங்க எல்லாம் ஆபீஸ் ரூம்ல உக்காந்திருக்காங்க, நான் இன்னும் நின்னுக்கிட்டிருக்கேன். எம் பொண்ணும் அப்படி ஆயிடக் கூடாது."

அவர் தலையை ஆட்டினார். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். தலைக்கு மேலே மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. புதுத் துணி வாசனை. மெத்தை என்னை உள்ளே வாங்கிக்கொள்ளவும் இல்லை, வெளியே தள்ளவும் இல்லை.

"ரெண்டாவது விஷயம் என்னன்னா..."

இதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அப்புறம்தான் எதுவும் நினைவில்லை.

கண்ணைத் திறந்தபோது வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. என் செருப்பு இரண்டும் கட்டிலுக்குக் கீழே சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. தலைக்குத் தலையணை, கழுத்துவரை போர்வை. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே ஏகப்பட்ட முகங்கள். நான் உட்கார்ந்த மெத்தை ஜன்னலுக்கு மிக அருகில் இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். முகங்களுக்குப் பின்னால் சிக்னலில் ஒரு பேருந்து நின்றது. அதிலிருந்த அத்தனை பேரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க, ஓட்டுநர் மட்டும் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தெரியும். பச்சை விளக்கு விழுந்ததும் ஹாரன் அடிக்காமல் நகர்ந்து போனார்.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். மகாராணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரமாச்சுடி?"

"சாயங்காலம் ஆயிடுச்சும்மா."

"அடிப்பாவி, என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எழுப்பினேனே. 'ம்'னு சொன்ன."

மெத்தைக்காரர் வந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பேச வந்த விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அம்மா, கடை வச்ச நாள்லேர்ந்து இப்படி ஒரு தூக்கத்த நான் பாத்ததில்ல" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. "உங்க பொண்ணு தூக்கமும் நல்ல தூக்கம்தான், குறை சொல்லல. ஆனா சின்னப் பிள்ளைங்க கல்லு மேல போட்டாலும் தூங்கும்னு ஜனங்களுக்குத் தெரியும். நீங்க அப்படி இல்ல. முகத்தப் பாத்தாலே பத்து வேலை கிடக்குன்னு தெரியுது. அப்படிப்பட்டவங்களே தூங்கிட்டாங்கன்னா அது மெத்தையோட பெருமை இல்லையா? பேசிக்கிட்டிருந்தவங்க அப்படியே பாதியில சாஞ்சதக் கண்ணால பாத்த மூணு குடும்பம் அந்த இடத்துலேயே பணம் கட்டிட்டுப் போச்சு. நீங்க முழு நேரமா வந்துடுங்கம்மா. புதுக் கடை ஜன்னலும் உங்களுக்குத்தான்."

மகாராணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப எனக்கு?"

"நீயும் வாம்மா. எப்பவாவது... லீவு நாள்ல... பாக்கலாம்" என்று அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் வருத்தமும் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்த பேருந்து எங்கள் வீட்டு ஓட்டுநருடையதுதான். நாங்கள் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அவருக்குப் பின்னாலேயே இரண்டு பேர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் மகள் வாயைத் திறந்தாள்.

"நீ முதல் விஷயம் சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா."

"நீதான் தூங்கிக்கிட்டிருந்தியே. நானும் ரகசியமாத்தானே பேசினேன்."

"உன் ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேக்கும். உன் குரல் கேட்டா எனக்கு முழிப்பு வந்துடும்மா. வேலை நேரமாச்சேன்னு கண்ணத் திறக்கல."

"முழிப்பு வந்துடுமா? அப்ப தினமும் காலையில?"

"காலைலயும் வந்துடும். கண்ண மட்டும் திறக்கறதில்ல."

ஓடும் பேருந்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள். "ரெண்டாவது விஷயம்னு சொல்லிட்டு நிறுத்திட்ட. நீ எதையும் பாதியில நிறுத்த மாட்டியே. எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. எழுந்து ஓடி வந்து பாத்தா, தூங்கிட்டிருக்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா."

அது உண்மைதான். அவள் கண்ணை மூடிய பிறகுதான் நான் படுப்பேன், அவள் கண்ணைத் திறப்பதற்குள் நான் வேலைக்குப் போயிருப்பேன். அவளை எழுப்புவதற்காகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இடைவேளையில் பக்கத்துத் தெருவிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டுப் போகிறவள் நான். "மூக்கத் துடை" என்றேன். அவள் மூக்கு சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணும் யோசிச்சேன்" என்றாள். "போன வாரம் எனக்குத் தரேன்னு சொன்ன வேலைய இன்னைக்குத் தூக்கி உனக்குக் குடுக்கறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்? ஒழுங்காத்தானே தூங்கினேன்? நாளைக்கு உன்னைவிடக் களைச்சுப்போன ஒருத்தங்க வந்தா உன் வேலையும் போச்சு. இத நம்பிப் பள்ளிக்கூடத்த விட முடியாதும்மா. பரீட்சைய எழுதிடறேன்."

இதைத்தான் நான் ஒரு வாரமாகச் சொல்ல நினைத்தேன். எனக்கு இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

"ஆனா ஒரு கண்டிஷன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்கு நீ போகக் கூடாது. அன்னைக்கு ஒரு நாள் ஜன்னல்ல நீ படு. சலவைக்கூடத்துல அன்னைக்குக் குடுக்கறத அவர்கிட்ட கேட்டு வாங்கிக்கலாம். நான் சனி ஞாயிறு பில் போடறேன்."

"பைத்தியமா உனக்கு? நடுத்தெருவுல படுத்துத் தூங்கினா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் மெத்தை வாங்கும்மா."

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க" என்று முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓட்டுநர்தான் சொன்னார். ஓட்டுநருடன் யாரும் பேசக் கூடாதே தவிர, ஓட்டுநர் பேசலாம் போலிருக்கிறது. "ஞாயித்துக்கிழமைதானே, படுத்துத்தான் பாரேன்" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டே அவர் பேசிக் கேட்டது எனக்கே அதிசயமாக இருந்ததால் சரி என்றுவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பொட்டுத் தூக்கம் வரவில்லை. இத்தனை பேர் பார்க்கும்போது எப்படித் தூங்குவது? விரிப்பின் மூலையில் ஒரு சுருக்கம் வேறு கண்ணில் பட்டு உறுத்தியது. எழுந்து அதை நீவிவிட்டுப் படுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். அரை மணி நேரத்தில் மெத்தைக்காரர் வந்து காதருகில் குனிந்தார்.

"அம்மா, நடிக்காதீங்க. வியாபாரம் கெடுது."

மகள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இயற்பியல் புத்தகத்தைப் பிரித்து மெல்லிய குரலில் ஒப்பிக்க ஆரம்பித்தாள். விசை, முடுக்கம், உராய்வு. உராய்வில் எத்தனை வகை என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, முதல் வகைக்கே தூங்கிப்போனேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதுவே வழக்கமானது. கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் பாடம் ஒப்பிப்பாள், நான் தூங்குவேன். அவளுக்குப் பாடம் மனப்பாடமானது. எனக்கு முதுகுவலி குறைந்தது. புதுக் கடை ஜன்னலுக்கு மெத்தைக்காரர் தன் மாமனாரைப் படுக்க வைத்தார். அவர் படுத்தபடியே போகிற வருகிறவர்களுக்கு வழி சொல்கிறார் என்று கேள்வி.

பரீட்சைக்கு முந்தின நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். இன்றைக்காவது வீட்டில் உட்கார்ந்து படி என்றேன், கேட்கவில்லை. நீ தூங்கினால்தான் எனக்குப் படிப்பு ஏறுகிறது என்று கூடவே வந்துவிட்டாள். மதியம் நான் அரைத் தூக்கத்தில் இருந்தபோது கடைக் கதவு படாரென்று திறந்தது. கண்ணைத் திறக்காமலே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குரல் கிசுகிசுப்புக்கெல்லாம் கட்டுப்படாது.

"அடியே, என்னடி இது அநியாயம்! உங்கம்மா ஜன்னல்ல படுத்திருக்கான்னு சொன்னாங்க, நான் நம்பவே இல்ல. எழுப்புடி முதல்ல! நம்ம குடும்ப மானமே போகுது!"

"சத்தம் போடாதீங்க அத்தை. அம்மா வேலைல இருக்காங்க."

"வேலையா? நல்ல வேலை! தள்ளு, நான் எழுப்பறேன்."

எழுந்து நாத்தனாரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று கை துறுதுறுத்தது. கண்ணைத் திறக்கவில்லை. வேலை நேரம்.

என் தலைமாட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மகள் குறுக்கே வந்து நின்றிருக்க வேண்டும். அவள் குரல் இப்போது மிக அருகில் கேட்டது.

"தொடாதீங்க அத்தை. நாளைக்கு எனக்குப் பரீட்சை. இன்னைக்கு நீங்க இவங்களை எழுப்பிட்டா, நாளைக்கு என்னை யாரு எழுப்புவா?"

எனக்குக் கண்ணோரம் ஈரமாகிவிட்டது. தூக்கத்தில் புரள்கிறவள்போல் திரும்பிப் படுத்து, அதைத் தலையணையில் துடைத்துக்கொண்டேன்.

நாத்தனாரின் குரல் இறங்கி வந்தது. "சரி சரி, எழுப்பலை. நடந்து வந்ததுல காலெல்லாம் கடுக்குது. உக்கார ஒரு நாற்காலியாவது போடு."

"இங்க நாற்காலி கிடையாது அத்தை. அந்த மெத்தையில உக்காருங்க."

"ஒரே நிமிஷம்தான். உடனே கிளம்பிடுவேன்" என்றாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. மகள் மறுபடியும் புத்தகத்தைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து கணீரென்று ஒரு குறட்டை எழுந்தது. வெளியே ஆட்கள் கண்ணாடியை நெருங்கி வரும் சத்தம் கேட்டது. என்னைவிடக் களைத்துப்போனவள் வந்துவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.